டிசம்பர் 31 ராத்திரியும் ஹவானா கப்பல்துறைக் கட்டையும்

"அப்பா, கோபப்படாம கேளுங்க" என்று மகள் ஆரம்பித்தால் என் பர்ஸுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஒரே நேரத்தில் ஆபத்து என்று அர்த்தம். போன டிசம்பர் இரண்டாவது வாரம் அப்படித்தான் ஆரம்பித்தாள். முப்பத்தொன்றாம் தேதி ராத்திரி, ஹைடெக் சிட்டி பக்கம் ஒரு ஹோட்டலில் புத்தாண்டு நிகழ்ச்சியாம். லத்தீன் இசை, லத்தீன் நடனம். "டிஜே கிடையாதுப்பா. நிஜ பேண்ட். காங்கா, டிம்பாலெஸ், டிரம்பெட் எல்லாம் மனுஷங்க வாசிப்பாங்க."

எட்டு மாதமாக சனிக்கிழமை சாயங்காலம் சால்ஸா வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். நான் அதை ஏரோபிக்ஸுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று நினைத்து ஃபீஸ் கட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் இப்படி ஒரு பாலன்ஸ் ஷீட் வரும் என்று தெரியாது.

"வேண்டாம்" என்றேன். "ஏம்ப்பா?" என்றாள். "அதெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்றேன்.

சொல்லி முடித்ததும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அது என் வாக்கியம் இல்லை, என் அப்பாவுடையது. சுமார் நாற்பது வருஷம் முன்னால், இதே டிசம்பர் 31 ராத்திரி, பொன்மலையில் எனக்குச் சொன்னது. கூடவே முதுகில் ஒன்று வைத்தார் என்பதுதான் வித்தியாசம்.

திருச்சிக்காரர்களுக்குப் பொன்மலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: தென்னிந்திய ரயில்வே தன் பெரிய பணிமனையை நாகப்பட்டினத்திலிருந்து 1928 வாக்கில் இங்கே கொண்டுவந்தது. பணிமனையைச் சுற்றி ஒரு காலனி, காலனிக்குள் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், அவர்களுக்கென்று ஒரு ரயில்வே இன்ஸ்டிட்யூட். மரத்தரை போட்ட ஹால். டிசம்பர் கடைசி வாரம் வந்தால் அங்கே பேண்ட் வாசிக்கும்.

1986-ல் எனக்கு எட்டு வயது. எதிர்வீட்டுப் பையனும் நானும் காம்பவுண்ட் சுவர் மேல் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். பளபளவென்று கவுன் போட்ட ஆன்ட்டிகள், கோட் போட்ட அங்கிள்கள். மேடையில் ஒருவர் இரண்டு கையிலும் கிலுகிலுப்பை வைத்து ஆட்டிக்கொண்டிருந்தார். கைக்குழந்தைக்குக் கொடுக்கிற சாமானை இவ்வளவு பெரிய மனுஷன் எதற்கு ஆட்டுகிறார் என்று எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அது மராக்காஸ் என்று தெரிய எனக்கு முப்பது வருஷம் ஆயிற்று. சிரித்துக்கொண்டே இருக்கும்போது பின்னாலிருந்து அப்பாவின் சைக்கிள் பெல். மீதிதான் சொல்லிவிட்டேனே.

அப்பா அந்த நேரத்தில் எங்கிருந்து வந்தார் என்பதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. இந்தக் காலத்து வங்கிப் பிள்ளைகளுக்கு மார்ச் 31 மட்டும்தான் தெரியும். அப்போதெல்லாம் வங்கிகளின் கணக்கு ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். ஊர் உலகம் புத்தாண்டு கொண்டாடும் ராத்திரியில் வங்கிக்காரன் கிளையில் உட்கார்ந்து லெட்ஜரைக் கூட்டிக்கொண்டிருப்பான். கம்ப்யூட்டர் கிடையாது. ஒவ்வொரு சேமிப்புக் கணக்குக்கும் கையால் ப்ராடக்ட் போட்டு வட்டி கணக்கிட வேண்டும். பாலன்ஸில் பதினேழு பைசா உதைத்தால் பதினேழு பைசாவையும் கண்டுபிடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு. போண்டா, டீ, குளோசிங் அலவன்ஸ். இதுதான் அப்பாவின் புத்தாண்டுக் கொண்டாட்டம். பதினைந்து மணி நேரம் எண்களோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிற மனுஷனுக்கு, சுவர் மேல் பிள்ளையும் உள்ளே கிலுகிலுப்பையும் தெரிந்தால் கோபம் வராமல் என்ன செய்யும்? இப்போது நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். மறைந்தார். அந்த வருஷம் எங்கள் தெருவில் யாரும் புத்தாண்டு என்று வாயே திறக்கவில்லை. வங்கிகளின் டிசம்பர் குளோசிங்கும் அதோடு சரி. அடுத்த கணக்கைப் பதினைந்து மாதமாக இழுத்து 1989 மார்ச் 31-ல் முடித்தார்கள். அன்று முதல் வங்கிக்காரனுக்கு டிசம்பர் 31 விடுதலை. ஆனால் அப்பா அதற்கப்புறமும் அந்த ராத்திரி ஒன்பதரைக்கே விளக்கை அணைத்துப் படுத்துக்கொள்வார். கொண்டாடக் கற்றுக்கொள்ளவே இல்லை.

சரி, ஒரு லோன் விண்ணப்பம் வந்தால்கூட விசாரிக்காமல் நிராகரிக்கக் கூடாது என்பது தொழில் தர்மம். மகளின் விண்ணப்பத்தை மட்டும் எப்படி நிராகரிப்பது? "ரெண்டு நாள் டைம் குடு" என்று வாங்கிக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். ரெண்டு நாள் ரெண்டு வாரமாயிற்று. படித்ததைத்தான் இங்கே கொட்டுகிறேன். பி.காம். படித்தவன் எழுதும் சரித்திரம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எனக்கு ஆச்சரியம் தந்தது கியூபா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது ஸ்பெயினின் கரும்புத் தோட்டம். வேலை செய்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாகக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். ஹவானா நகரில் இவர்கள் தங்கள் தங்கள் இனத்தின்படி 'கபில்தோ' என்ற சங்கங்களாக இருந்தார்கள். வருஷத்தில் ஒரே ஒரு நாள், ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் அன்று, அவர்கள் தங்கள் மேளங்களோடு தெருவில் இறங்கி இஷ்டம்போல ஆட அனுமதி. முகமூடி, நார்ப் பாவாடை, கொம்பு எல்லாம் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு சங்கமும் தன் ராஜா ராணியோடு கவர்னர் மாளிகை முற்றம் வரை ஆடிக்கொண்டே போகும். அங்கே 'அகினால்தோ' என்று இனாம் கிடைக்கும். நம்மூரில் பொங்கல் இனாம் என்று வீடு வீடாக வருவார்களே, அந்த மாதிரி.

மறுநாள் காலையிலிருந்து மறுபடி 364 நாள் கரும்பு வெட்டு.

அந்த ஒரு நாளையும் 1884-ல் தடை செய்தார்கள். அடிமை முறை ஒழிந்தது 1886-ல். அதாவது, சுதந்திரம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால் மேளத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஆனால் மேளம் போனாலும் தாளம் போகவில்லை. ஹவானா கப்பல் கட்டும் துறையில் பலகைகளைப் பிணைக்க வழுவழுவென்று கடைந்த மரமுளைகள் இருக்கும். வேலைக்காரர்கள் அவற்றில் இரண்டை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டித் தாளம் போட்டதுதான் 'கிளாவே' என்ற வாத்தியத்தின் பிறப்பு என்று சொல்கிறார்கள். வெறும் இரண்டு கட்டை. இன்றைக்கும் எந்த லத்தீன் பேண்டாக இருந்தாலும் அந்த இரண்டு கட்டை போடும் கணக்கில்தான் மற்ற எல்லாரும் ஓட வேண்டும்.

இதை நான் சாப்பிடும்போது சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனைவி கும்பகோணத்தில் பத்து வருஷம் பாட்டு கற்றவள். மகளைக் கூப்பிட்டு, "அந்தக் கட்டைத் தாளத்தைத் தட்டிக் காட்டு" என்றாள். மகள் ரசம் கிண்ணத்தில் ஸ்பூனால் தட்டினாள். இரண்டு தடவை கேட்டுவிட்டு இவள் சொன்னாள்: "இது தகிட தகிட தகதிமி தக தகதிமிடீ. மூணு, மூணு, நாலு, ரெண்டு, நாலு. மொத்தம் பதினாறு. நம்ம கணக்குதான்."

நான் பேப்பரில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன் (தொழில் புத்தி). பதினாறுதான். பாலன்ஸ் டேலி ஆகிவிட்டது.

இந்த இசை கியூபாவை விட்டு உலகத்துக்குப் புறப்பட்ட கதையும் சுவாரசியம். 1930-ல் டான் அஸ்பியாஸு என்பவர் தன் ஹவானா குழுவோடு நியூயார்க் போய், மொய்ஸேஸ் சிமோன்ஸ் எழுதிய 'எல் மனிஸேரோ' என்ற பாட்டை இசைத்தட்டாகப் பதிவு செய்தார். அர்த்தம், வேர்க்கடலைக்காரன். தெருவில் கடலை விற்பவன் கூவும் கூவலைத்தான் பாட்டாக்கியிருக்கிறார்கள். மெரினாவில் சுண்டல் விற்பவனின் குரலை வைத்து ஒரு பாட்டுப் போட்டு அது உலகமெல்லாம் பறந்தால் எப்படி இருக்கும்? அப்படிப் பறந்தது. அமெரிக்கா, ஐரோப்பா எங்கும் 'ரும்பா' பைத்தியம். (அது உண்மையில் ரும்பாவே இல்லை, 'ஸோன்' என்ற வகை என்கிறார்கள் விஷயம் தெரிந்தவர்கள். கம்பெனிக்காரன் ஒட்டிய லேபிள் நின்றுவிட்டது.) 1933 முதல் ஹெச்.எம்.வி. கம்பெனி 'ஜி.வி.' என்ற வரிசையில் கியூப இசைத்தட்டுகளை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பி விற்றது. காங்கோவில் அதைக் கேட்டவர்கள் "இது நம்ம வீட்டுச் சத்தமாச்சே" என்று தாங்களும் ரும்பா வாசிக்க ஆரம்பித்தார்கள். அடிமைக் கப்பலில் போன தாளம் இசைத்தட்டில் ஏறித் திரும்பி வந்துவிட்டது. இதைப் படித்த ராத்திரி எனக்குக் கொஞ்ச நேரம் தூக்கம் வரவில்லை.

பிறகு 1949-ல் பெரெஸ் பிராடோவின் மாம்போ, 1953-ல் என்ரிக்கே ஹொரினின் சா-சா-சா என்று வரிசையாக அலைகள். 1958 டிசம்பர் 31 ராத்திரி ஹவானாவில் புத்தாண்டு விருந்து நடந்துகொண்டிருக்கும்போதே சர்வாதிகாரி பாடிஸ்டா விமானம் ஏறி ஓடிப்போனார். விடிந்தால் புரட்சி. சூதாட்ட விடுதிகள் மூடப்பட, இசைக்காரர்கள் பலர் வெளியேறினார்கள். நியூயார்க்கில் போர்டோரிக்கோ ஆட்களோடும் டொமினிகன் ஆட்களோடும் சேர்ந்து அவர்கள் சமைத்ததுதான் சால்ஸா. 1964-ல் ஆரம்பித்த ஃபானியா இசைத்தட்டுக் கம்பெனிக்கு இதில் பெரிய பங்கு. ஆக, என் மகள் சனிக்கிழமை ஆடுவது, ஊரை விட்டு வந்தவர்கள் வேற்றூரில் உண்டாக்கியது. நம்மைப் போன்றவர்கள்தான்.

இந்தியாவுக்கு எப்படி வந்தது? கோவா வழியாக என்று சொல்லலாம். போர்ச்சுகீசியர்கள் கோவாவில் தேவாலயத்தோடு சேர்த்துப் பாட்டுப் பள்ளிகளையும் வைத்திருந்தார்கள். அதில் படித்த பிள்ளைகளுக்கு மேற்கத்திய இசைக்குறிப்பு தண்ணீர் பட்ட பாடு. பம்பாய், கல்கத்தா ஹோட்டல்களிலும் சமஸ்தான பேண்டுகளிலும் கிளப்புகளிலும் அவர்கள்தான். பிற்பாடு பம்பாயில் மதுவிலக்கு வந்து ஹோட்டல் வேலைகள் குறைந்தபோது சினிமா இசைக்குழுக்கள் பலருக்குச் சோறு போட்டன. சி.ராம்சந்திராவின் இசையில் 1950-ல் வந்த 'சமாதி' படத்தின் 'கோரே கோரே' பாட்டு, கார்மென் மிராண்டா 1945-ல் பாடிய ஒரு லத்தீன் பாணிப் பாட்டிலிருந்து வந்தது. 1951-ல் 'அல்பேலா' படத்தில் சிக் சாக்லேட் என்ற கோவா டிரம்பெட்காரர் தன் குழுவோடு திரையிலேயே தோன்றினார்.

நம்ம பக்கமும் சளைத்ததில்லை. 1964-ல் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் 'அவளுக்கென்ன' பாட்டைப் பாருங்கள். ஒலிப்பதிவுக் கூடத்தையே காட்டுவார்கள். டி.எம்.எஸ். பாட, எம்.எஸ்.வி. நிற்க, சுற்றிலும் வாத்தியக்காரர்கள். அந்த பாங்கோ ஓசை ஹவானாவிலிருந்து கோடம்பாக்கத்துக்கு வந்து சேர்ந்த விருந்தாளி. அந்தக் கால கிளப் டான்ஸ் பாட்டுகளில் பாதிக்கு பாங்கோதான் முதுகெலும்பு. கிளப் டான்ஸ் என்றால் கெட்ட பெண், கெட்ட ஆள், கையில் கோப்பை என்று நம் படங்கள் நமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டன. தாளத்தை மட்டும் ரசித்துவிட்டு ஆடுகிறவர்களை வில்லன்கள் ஆக்கிவிட்டோம். என் அப்பாவின் "சரிப்படாது" பாதி அங்கிருந்து வந்தது என்று இப்போது தோன்றுகிறது.

இலங்கைத் தமிழ் நண்பர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். அவர்களுக்கு லத்தீன் இசை 1505-லேயே போர்ச்சுகீசியக் கப்பலில் வந்துவிட்டது. 'பைலா' என்ற சொல்லுக்கே போர்ச்சுகீசிய மொழியில் ஆடுவது என்றுதான் மூலம். மட்டக்களப்பில் போர்ச்சுகீசியப் பறங்கியர் குடும்பங்கள் இன்றும் கல்யாண வீடுகளில் வயலின் வாசித்து 'கஃப்ரிஞ்ஞா' ஆடுகிறார்கள். நித்தி கனகரத்தினமும் சிலோன் மனோகரும் பொப்பிசை என்று பாடியதெல்லாம் அந்த வழியில் வந்தவைதான். 'சுராங்கனி' ஒலிக்காத தமிழ்க் கல்யாண பஸ் உண்டா? ஆக மகளிடம் "சரிப்படாது" என்று சொன்ன நான், என் சொந்தக் கல்யாணத்துக்கு வந்த பஸ்ஸில் லத்தீன் இசைக்கு ஆடியவன்தான். ஹி ஹி.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் ஜனவரி முதல் தேதி துரைமார் பங்களாவுக்கு எலுமிச்சம்பழமும் மாலையுமாகப் போய் நிற்பது வழக்கம். இதைப் பார்த்து மனம் பொறுக்காத வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள், "நிஜமான துரை தணிகைமலையில் இருக்கிறான், அவனைப் போய்ப் பாருங்கள்" என்று 1917-ல் திருத்தணியில் படித் திருவிழாவை ஆரம்பித்தார். டிசம்பர் 31 அன்று 365 படிகளிலும் படிக்கொரு திருப்புகழ் பாடி ஏறுவார்கள். என் அத்தை வருஷம் தவறாமல் போவார். யோசித்துப் பாருங்கள், அதுவும் புத்தாண்டு ராத்திரி நேரடி இசைதான். தாளமும் ஒன்றும் லேசுப்பட்டதில்லை. அருணகிரியாரின் சந்தத்துக்கு முன்னால் எந்தக் கிளாவேயும் கொஞ்சம் யோசித்துத்தான் நிற்கும் :-)

இனி நான் பிழைக்க வந்த ஊருக்கு வருகிறேன். எங்கள் கிளைக்கு ஒரு ஓய்வூதியதாரர் வருவார். ஆங்கிலோ இந்தியர், ரயில்வேயில் டிரைவராக இருந்தவர். வீடு லாலாகுடாவில். நிஜாம் ரயில்வே 1893-ல் அங்கே பணிமனை போட்டது. பொன்மலை மாதிரியே சுற்றிலும் காலனி, இன்ஸ்டிட்யூட் எல்லாம். நவம்பர் மாதம் ஆனால் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வருவார். இப்போதெல்லாம் வீடியோவிலேயே கொடுக்கலாம் என்று சொன்னாலும் கேட்க மாட்டார். "நான் உயிரோட இருக்கேன்னு நீ நேர்ல பாரு மேன்" என்பார். அவர் அம்மா பொன்மலைக்காரர் என்பதால் ரயில்வே தமிழ் நன்றாக வரும்.

டிசம்பரில் வேறு வேலையாக வந்தவரிடம் என் சந்தேகத்தைக் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் பேசினார். எழுபதுகளில் அவர் இன்ஸ்டிட்யூட் பேண்டில் டிரம்ஸ் வாசித்தவராம்! "பன்னெண்டு மணிக்கு முன்னால வால்ட்ஸ், ஃபாக்ஸ்டிராட். பெரியவங்களுக்கு. பன்னெண்டு அடிச்சதும் லைட் போட்டு ஹேப்பி நியூ இயர். அப்புறம் ரும்பா, சா-சா-சா, விடியற வரைக்கும். நோட்டு எல்லாம் நாங்க எங்க வாங்கறது? ரேடியோ சிலோன் கேட்டுத்தான் பழகுவோம். அஞ்சு பேர்ல ரெண்டு பேருக்குக் காலைல டூட்டி இருக்கும். கோட்டைக் கழட்டிட்டு யூனிஃபார்ம் மாட்டிட்டு நேரா லோகோ ஷெட்."

அப்புறம் கொஞ்சம் மௌனம். அவர் பேண்டில் இருந்த ஐந்து பேரில் மூன்று பேர் ஆஸ்திரேலியா போய்விட்டார்கள், ஒருவர் காலமாகிவிட்டார். அரசியல் சட்டம் ஆங்கிலோ இந்தியர்களுக்கு ரயில்வே, தபால், தந்தி, சுங்க வேலைகளில் கொடுத்த ஒதுக்கீடு இரண்டு வருஷத்துக்கொரு தடவை குறைந்து, பத்து வருஷத்தில், 1960-ல் முடிந்துபோனது. நாடாளுமன்றத்தில் இருந்த இரண்டு நியமன இடங்களும் 2020-ல் போய்விட்டன. ஒதுக்கீட்டின் நியாய அநியாயம் வேறு விவாதம், அதற்குள் நான் போகவில்லை. ஆனால் ஒரு ஹாலில் ஆடுவதற்கு ஆள் வேண்டும், வாசிப்பதற்கு ஆள் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் மரத்தரை என்ன செய்யும்?

செகந்திராபாத் கண்டோன்மென்ட் 1806-ல் உருவானது. பட்டாளம் இருக்கும் இடத்தில் பால்ரூம் இருக்கும். 1878-ல் தொடங்கிய செகந்திராபாத் கிளப்பின் பழைய கட்டடம் 2022 ஜனவரி 16 அதிகாலை தீப்பிடித்து எரிந்துபோனது. அதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் உள்ளே ஒரு தடவையும் போனதில்லை என்றாலும், எத்தனை புத்தாண்டு ராத்திரிகள் அந்தக் கூரைக்கடியில் என்று தோன்றியது. இன்னொரு விஷயம். அப்போது ஆந்திரத்தில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும், 1995-ல் என்.டி.ஆர். மதுவிலக்கு கொண்டுவந்தார், 1997-ல் சந்திரபாபு நாயுடு காலத்தில் எடுத்துவிட்டார்கள். நடுவில் இரண்டு புத்தாண்டுகள் ஹைதராபாத்தில் சட்டப்படி சோடாதான். பெரியவரிடம் இதைக் கேட்டேன். "சோடா குடிச்சுட்டும் ஆடினோம் மேன். அப்பதான் யாருக்கு நிஜமா ஆடத் தெரியும்னு தெரிஞ்சுது!"

பேசிக்கொண்டிருக்கும்போது அவர்தான் சொன்னார்: "மார்ஃபா கேட்டிருக்கியா? அதைக் கேட்டுட்டு கியூபா கேளு."

மாசாப் டேங்க் பக்கம் ஏ.சி. கார்ட்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. நான் இந்த ஊருக்கு வந்த புதிதில், ஏதோ ஏர்கண்டிஷன் சம்பந்தப்பட்டது என்றே நினைத்திருந்தேன் (சிரிக்காதீர்கள்). அது ஆப்பிரிக்கக் குதிரைப்படைக் காவலர்கள் என்பதன் சுருக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வனபர்த்தி ராஜா தன் ஆப்பிரிக்கப் படையை நிஜாமுக்குக் கொடுத்தார். சித்திகள் என்று அழைக்கப்படும் அவர்களின் வம்சம்தான் அங்கே இருக்கிறது. 1948 செப்டம்பரில் நிஜாம் ராஜ்ஜியம் இந்தியாவோடு சேர்ந்தபோது படை கலைக்கப்பட்டது. குதிரையும் போயிற்று, சம்பளமும் போயிற்று. கையில் மிஞ்சியது மேளம். டஃப், மார்ஃபா என்ற சின்ன முரசு, ஒரு உலோகக் குடம். ஏமன், கிழக்கு ஆப்பிரிக்கக் கரைகளின் தாளம். இன்றைக்கு ஹைதராபாத்தில் முஸ்லிம் கல்யாண ஊர்வலமானாலும் பிள்ளையார் ஊர்வலமானாலும் மார்ஃபா வந்தால் தெருவே ஆடும். கியூபாவுக்குப் போனவர்கள் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து போனவர்கள், இங்கே வந்தவர்கள் கிழக்குக் கரைக்காரர்கள். ஒன்றே என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு வீட்டில் பெரியப்பா பிள்ளைக்கும் சித்தப்பா பிள்ளைக்கும் நடை ஒத்திருக்குமே, அப்படி ஒரு ஜாடை. தெருவில் நூறு தடவை கேட்டு, டிராஃபிக் ஜாம் என்று திட்டியிருக்கிறேன்.

சரி, முப்பத்தொன்றாம் தேதிக்கு வருவோம். மகளுக்கு அனுமதி கொடுத்தேன். அவள் அம்மா, "நாமளும் போனா என்ன?" என்றாள். மகள் முகத்தில் ஈயாடவில்லை! கடைசியில், "தனி டேபிள்ல உக்காருவீங்கன்னா வாங்க" என்ற நிபந்தனையோடு மூன்று டிக்கெட். விலையை இங்கே எழுதினால் அப்பாவின் ஆத்மா மறுபடி சைக்கிள் பெல் அடிக்கும்.

மேடையில் எட்டுப் பேர். பாடிய பெண்ணும் காங்கா வாசித்தவரும் வெளிநாட்டுக்காரர்கள், மற்றவர்கள் எல்லாம் நம்மவர்கள். ஆடுகிறவர்களைப் பார்த்தேன். நான் பயந்த மாதிரி எதுவும் இல்லை. பாதிப் பேர் ஐ.டி. பிள்ளைகள், பள்ளிக்கூடப் பரேட் மாதிரி உதட்டுக்குள் ஒன்று இரண்டு மூன்று எண்ணிக்கொண்டு ஆடுகிறார்கள். நாலாவது எண்ணிக்கையில் காலை வைக்கக் கூடாதாம், அங்கே ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில்தான் ஆட்டமே இருக்கிறது என்று மகள் பிற்பாடு விளக்கினாள். தலை நரைத்த ஒரு தம்பதி மட்டும் எண்ணாமல் ஆடினார்கள். அவர்களைத்தான் நான் அதிகம் பார்த்தேன்.

பக்கத்தில் திரும்பினால் என் மனைவி மேஜை மேல் விரலால் தாளம். மூணு, மூணு, நாலு, ரெண்டு, நாலு. ஒரு இடத்தில் டிம்பாலெஸ்காரர் தனி ஆவர்த்தனம் மாதிரி ஐந்து நிமிஷம் எங்கெங்கோ போய்விட்டு சரியாக அந்தப் பதினாறில் வந்து விழுந்தார். இவள் கச்சேரியில் உட்கார்ந்திருப்பவள் மாதிரி "பலே" என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். மேடையிலிருந்து அவர் குனிந்து ஒரு வணக்கம் வைத்தார். மகள் தூரத்திலிருந்து எங்களைத் தெரியாதவள் மாதிரி நின்றுகொண்டாள்.

பன்னிரண்டு அடித்ததும் ஒரு மூலையில் இருந்த தமிழ்க் கும்பல் 'இளமை இதோ இதோ' வேண்டும் என்று கத்தியது. 1982 ஆகஸ்டில் வந்த படத்துப் பாட்டு எப்படியோ நமக்கு ஜனவரி முதல் தேதியின் தேசிய கீதம் ஆகிவிட்டது. பேண்டுக்குத் தெரியாது என்றுதான் நினைத்தேன். பேஸ் கிடார் பையன் திருநெல்வேலிக்காரனாக இருக்க வேண்டும், சட்டென்று பிடித்தான். காங்காக்காரருக்குப் பாட்டு தெரியாது, ஆனால் நான்கு சுற்று கேட்டுவிட்டுத் தாளத்துக்குள் நுழைந்துவிட்டார். நான் ஆடினேனா என்று கேட்காதீர்கள். வீடியோ மகளிடம் இருக்கிறது. அவளுக்கு அடுத்த பத்து வருஷத்துக்கு என்னை மிரட்ட அது போதும்.

ஜனவரி மூன்றாவது வாரம் லாலாகுடா பெரியவர் வந்தார். என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றும் படிவம் வேண்டுமாம். மகள் பெர்த்தில் இருக்கிறாள், விசா வந்துவிட்டது, போகிறேன் என்றார். படிவத்தில் எங்கே கையெழுத்து என்று காட்டிக்கொண்டே, இந்த வருஷம் அவர்கள் பக்கத்தில் டான்ஸ் எப்படி என்று கேட்டேன். "பாக்ஸ் வெச்சுப் பாட்டு போட்டாங்க மேன். ஆள் இல்ல" என்றார். நான் டிம்பாலெஸ் கதையையும் மனைவியின் "பலே"யையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். பையிலிருந்து பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். இரண்டு கட்டை. கை பட்டுப் பட்டுக் கறுத்துப்போனவை. "லோகோ ஷெட்ல கடைஞ்சது. என் பேரன் டிரம்ஸ் எல்லாம் கம்ப்யூட்டர்ல வாசிக்கிறான். உன் பொண்ணுக்குக் குடு."

வாடிக்கையாளரிடம் அன்பளிப்பு வாங்கக் கூடாது என்பது எங்கள் விதி. இருபது வருஷ சர்வீஸில் ஒரு டைரிகூட நான் வாங்கியதில்லை. வாங்கிக்கொண்டேன்.

மகள் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆனால் அன்றைக்கு ஒரு நாள் முழுக்க அது என் மேஜை மேல்தான் இருந்தது. மத்தியானம் கேஷியர் வந்து பார்த்துவிட்டு, "என்ன சார், மேடம் சப்பாத்திக் கட்டை வாங்கச் சொன்னாங்களா? ரெண்டும் ரொம்பச் சின்னதா இருக்கே" என்றார். நான் இரண்டையும் எடுத்து ஒரு சுற்றுத் தட்டிக் காட்டினேன். கியூவில் நின்றுகொண்டிருந்த பெரியம்மா ஒருத்தி தலையை ஆட்டினார்.